பெட்டி ராட்டை அடம் பிடித்தால்: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

இன்று ராட்டை வாங்குகிற பலரும் வேட்டி நெய்துகொள்ள வாங்குவதில்லை. ராத்திரி போனைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம், வலது கை சக்கரத்தைச் சுற்ற இடது கையிலிருந்து பஞ்சு நூலாக நீளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் வாங்குகிறார்கள். அந்தச் சுகம் நிஜம். கை பழகிவிட்டால் மனசில் ஓடுகிற கணக்குவழக்கெல்லாம் தானாக நின்றுவிடும். ஆனால் நிமிடத்துக்கு நாலு தடவை நூல் அறுந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரே மாதத்தில் ராட்டை பரணுக்குப் போய்விடும்.

நூற்கப் பழக வருபவர்களின் ராட்டையைச் சரிபார்த்துக் கொடுப்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. எல்லாரும் கொண்டுவருவது கிட்டத்தட்ட ஒரே கோளாறுகள்தான். பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும். குற்றம் பஞ்சில் இருக்கும், திட்டு ராட்டைக்கு விழும்.

இங்கே சொல்வது பெட்டி ராட்டைக்கு. சின்னப் பெட்டிக்குள் ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், கதிர் (நூலை முறுக்கித் தன்மேல் சுற்றிக்கொள்ளும் கம்பி), இரண்டு கயிறு எல்லாம் மடங்கி அடங்கும் வகை. 1930இல் காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் எரவாடா சக்கரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. பெரிய சக்கரத்திலிருந்து சின்னதற்குப் போவதைப் பெரிய கயிறு என்றும், சின்னதிலிருந்து கதிருக்குப் போவதைச் சின்னக் கயிறு என்றும் வைத்துக்கொள்வோம்.

எந்தக் கோளாறானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: பஞ்சு, கயிறு, எண்ணெய், கதிர், கடைசியில் சக்கரமும் பெட்டியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பஞ்சையும் கயிற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

## நூல் ஓயாமல் அறுகிறது

அறுந்த உடனே மறுபடி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காரணம் அங்கேயே இருக்கும்.

### முனை மெலிந்து, மயிர்மயிராகப் பிரிந்திருக்கிறது

நூல் அறவில்லை, நழுவியிருக்கிறது. முறுக்கு போதவில்லை என்று அர்த்தம். சக்கரம் சுற்றுகிற வேகத்தைவிட உங்கள் இடது கை வேகமாகப் பின்னால் போகிறது. கையை மெதுவாக்குங்கள், சக்கரத்தை அப்படியே ஓட்டுங்கள். பருத்தி குட்டை இழை; கம்பளியைவிட அதிக முறுக்கு கேட்கும். அதிலும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் இழை ஓர் அங்குலம்கூட வராது. சுவின் போன்ற நீள இழைப் பஞ்சில் பழகிய கை, நாட்டுப் பருத்திக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

கையை மெதுவாக்கியும் நழுவுகிறதா? சின்னக் கயிறு வழுக்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடி சுற்றும், கதிர் பாதிதான் சுற்றும். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

### முனை கூர்மையாக, பட்டென்று வெட்டியது போல் இருக்கிறது

முறுக்கு மிஞ்சிவிட்டது. அறுந்த துண்டைத் தளர விட்டால் தன்மேல் தானே சுருட்டிக்கொள்ளும். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் எல்லாருக்கும் இது வரும். பயத்தில் பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏறுகிற முறுக்கு பஞ்சுக்குள் போய் அதைக் கட்டியாக்கிவிடும். அப்புறம் இழுத்தால் வராது, அறும். இடது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தளர்த்துங்கள். காகிதத்தை நழுவாமல் பிடிக்கிற அளவு பிடி போதும்.

### எப்போதும் கதிர் முனைக்குப் பக்கத்திலேயே அறுகிறது

கையில் குறையில்லை, கதிர் முனையில் பிசிர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு துளிப் பஞ்சை முனையில் உரசிப் பாருங்கள். பஞ்சு மாட்டிக்கொண்டால் பிசிர் உண்டு. மிக நைசான உப்புத்தாளால், முனையை நோக்கி ஒரே திசையில் நாலைந்து முறை தேய்த்துத் துணியால் துடையுங்கள். முனையை ஊசி போலக் கூராக்கிவிடக் கூடாது, குத்தும். கொஞ்சம் மழுங்கிய, வழுவழுப்பான முனைதான் நூற்க வாகானது.

### இழுக்கும்போது அறவில்லை, கதிரில் சுற்றும்போது அறுகிறது

ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் கையை நிறுத்தி, சக்கரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்று கொடுத்துவிட்டுச் சுற்றுங்கள். இழுக்கும்போது ஏறுகிற முறுக்கு இழுக்கத்தான் போதும், தாங்கப் போதாது. அப்புறம், சுற்றுமுன் கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, கதிர் முனையில் படர்ந்திருக்கும் நூலை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் இழுத்தால் முனையிலேயே வெட்டிக்கொள்ளும்.

இந்த நாலிலும் சேராமல், ஒரு நாள் நன்றாக வந்து மறுநாள் அறுகிறது என்றால் காற்றைப் பாருங்கள். ஏசி அறையில் பஞ்சு காய்ந்து சிலிர்த்துக்கொண்டு நிற்கும். நூற்பாலைகளே காற்றில் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன. வீட்டில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோ, ஈரத்துணியோ வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நூற்க முயல்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

## பஞ்சு இழுபடவே இல்லை, அல்லது கட்டி கட்டியாக வருகிறது

இதில் ராட்டையைத் தொடவே வேண்டாம். நேராகப் பஞ்சுக்குப் போங்கள்.

முதல் கேள்வி, அது என்ன பஞ்சு? கையில் கிடைத்த பஞ்சையெல்லாம் நூற்க முடியாது. மெடிக்கல் ஷாப்பில் விற்கிற பஞ்சு ரோல் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். நீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக அதன் இயற்கையான மெழுகை நீக்கி வெளுத்திருப்பார்கள். மெழுகு போனால் இழையோடு இழை வழுக்கிப் போகாது, முரண்டு பிடிக்கும். தலையணையைப் பிரித்து எடுத்தது என்றால் அது இலவம் பஞ்சாகக்கூட இருக்கலாம். இழை குட்டை, மேற்பரப்பு வழுவழுப்பு, சட்டென்று ஒடியும். அதைத் தனியாக நூற்க முடியாது. எவ்வளவு பழகினாலும் முடியாது என்பதால், இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பஞ்சு சரியானதுதான் என்றால் பட்டையைப் பாருங்கள். பட்டை என்பது கொட்டிய, அதாவது இழை இழையாகப் பிரித்துச் சீராக்கிய பஞ்சை விரல் கனத்துக்கு உருட்டி வைத்தது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேகம் மாதிரி ஒரே சீராகத் தெரிந்தால் சரி. அங்கங்கே கறுத்த புள்ளியும் திட்டும் தெரிந்தால் பஞ்சு சரியாகக் கொட்டப்படவில்லை. அந்தத் திட்டு ஒவ்வொன்றும் நூலில் ஒரு முடிச்சாக வந்து நிற்கும்.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். பட்டையைத் தலைகீழாகத் திருப்பி மறுமுனையிலிருந்து நூற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் வராதது மறுபக்கம் வருவதுண்டு. அதுவும் ஆகவில்லை என்றால் பட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மெல்லியதாக்குங்கள். நாள்பட்டு, பைக்குள் அமுங்கிக் கிடந்த பட்டையாக இருந்தால் அரை மணி நேரம் வெயிலில் காட்டினால் உப்பி எழும். கை வேர்க்கிறவர்கள் பட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

எதுவும் ஆகவில்லையா, மறுபடி கொட்ட வேண்டியதுதான். பஞ்சு கொட்டுகிற வில் வேண்டியதில்லை. நாய் முடி சீவ விற்கிறார்களே, கம்பிப் பல் வைத்த பிரஷ், அதில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சமாகப் பஞ்சை ஒன்றில் பரப்பி மற்றொன்றால் மெதுவாகச் சீவுங்கள். பல்லும் பல்லும் உரசக் கூடாது. உரசினால் இழை ஒடிந்து இன்னும் மோசமாகும். சீவியதைப் பின்னல் ஊசியிலோ பழைய பேனாவிலோ தளர்வாகச் சுருட்டி, ஊசியை உருவினால் பட்டை தயார். வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மொத்தமாகப் போட்டு வைத்துவிட்டால் மற்ற நாளெல்லாம் நூற்பு மட்டும்தான்.

## சக்கரம் ஓடுகிறது, கதிர் ஓடவில்லை

கயிறு வழுக்குகிறது. எந்தக் கயிறு என்பதுதான் கேள்வி. கதிரை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். சின்னச் சக்கரம் ஓடி, கதிர் மட்டும் நின்றால் சின்னக் கயிறு. சின்னச் சக்கரமும் நின்றுவிட்டால் பெரிய கயிறு.

தொய்ந்திருந்தால் முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள். பருத்திக் கயிறு மழைக்கும் வெயிலுக்கும் ஒரே நீளத்தில் இருக்காது. ஐப்பசியில் கட்டிய கயிறு சித்திரையில் அதே இறுக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறுக்கம் சரியாக இருந்தும் வழுக்கினால் தேன்மெழுகுக் கட்டியைக் கயிற்றின்மேல் ஓடவிட்டுத் தேயுங்கள், பிடிப்பு வந்துவிடும். எண்ணெய்க் கை பட்ட கயிறு என்றால் மெழுகும் உதவாது, மாற்றிவிடுங்கள்.

கயிறு ஒரு சுற்று வருகிற ஒவ்வொரு முறையும் 'டக், டக்' என்று ஒரு தட்டல் கேட்டால் அது முடிச்சு கப்பியை (கதிரில் கயிறு ஓடுகிற சின்ன உருளை) தாண்டுகிற சத்தம். முடிச்சைச் சின்னதாகப் போட்டு வாலை ஒட்ட நறுக்குங்கள். முடிச்சே இல்லாமல் இரண்டு முனையையும் மெலிதாக்கி, மேலே சுற்றித் தைத்தால் இன்னும் நல்லது. ராத்திரி நூற்பவர்களுக்கு இந்தத் தட்டல் போவதே பெரிய நிம்மதி.

கயிறு கழன்று கழன்று விழுகிறதா? ஒரு ஸ்கேலை இரண்டு சக்கரத்தின் முகத்திலும் படும்படி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றால், முதலில் பெட்டி சமதளத்தில் இருக்கிறதா பாருங்கள்; பாயின் மடிப்பில் ஒரு மூலை ஏறியிருப்பதும் உண்டு. தரையெல்லாம் சரி, ஆனாலும் சாய்கிறது என்றால் பெட்டியின் அடிப்பலகை வளைந்திருக்கும். தச்சரிடம்தான் போக வேண்டும். நீங்களே ஆணி அடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

கதிரைத் தாங்கும் பிடிக்குக் கீழே சின்ன ஸ்பிரிங் இருக்கிற ராட்டையில், கயிற்றை இறுக்கமாக வைத்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். அது சோர்ந்துவிட்டால் கயிற்றை எத்தனை தடவை குறைத்துக் கட்டினாலும் இரண்டு நாளில் தொய்யும். ஸ்பிரிங் மாற்றுவது சின்னச் செலவு.

## கதிர் ஆடுகிறது, கைக்கு அதிர்வு வருகிறது

முதலில் எண்ணெய். கதிர் படுகிற இரண்டு இடத்திலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசுக்கேறும். இரண்டாவது சொட்டு விட்டால் அது நூலில்தான் போய் முடியும். நூலில் கறுப்புக் கோடு வருகிறது என்று புகார் சொல்பவர்களின் ராட்டையில் அநேகமாக எண்ணெய் மிதந்துகொண்டிருக்கும். கறை பட்ட நூலைச் சோப்புத் தண்ணீரில் கசக்கினால் போய்விடும்.

எண்ணெய் விட்டும் ஆடினால், கதிர் முனைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். முனை ஒரே புள்ளியாக நின்றால் கதிர் நேர். மங்கலான சின்ன வட்டமாகத் தெரிந்தால் வளைந்திருக்கிறது. உறுதிப்படுத்த, கதிரைக் கழற்றி, கப்பி மட்டும் வெளியே நிற்கும்படி கண்ணாடித் துண்டின் ஓரத்தில் வைத்து உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைகிற இடம்தான் வளைவு.

முனைப் பக்கம் லேசான வளைவு என்றால் மரப்பலகையில் வைத்து, மரச் சுத்தியால் செல்லமாகத் தட்டி நிமிர்த்தலாம். இரண்டு தடவை தட்டியும் நேராகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கப்பிக்குப் பக்கத்தில் வளைந்திருந்தால் தொடவே வேண்டாம். அங்கே தட்டினால் கப்பி கழன்று ஆடத் தொடங்கும், அப்புறம் புதுக் கதிர்தான். பெட்டிக்குள்ளேயே உபரிக் கதிர் வைக்க இடம் விட்டிருப்பார்கள். ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உபரிக் கதிரைப் போட்டதும் அதிர்வு நின்றால் ஒரு நிமிடத்தில் குற்றவாளி தெரிந்துவிடும். உபரிக் கதிரும் ஆடினால் தாங்கும் பிடி தேய்ந்திருக்கிறது, ராட்டை ரிப்பேர் தெரிந்தவரிடம் போகலாம்.

## கதிரில் சுற்றிய நூல் சரிந்து சிக்காகிறது

பேராசைதான் பெரும்பாலும். கதிர் கொள்கிற மட்டும் ஏற்றலாம் என்று முனைவரை சுற்றுகிறார்கள். நடு பருத்து, இரண்டு ஓரமும் ஒடுங்கி, முனைக்கு முன்னால் இரண்டு விரற்கடை காலியாக இருக்க வேண்டும். சுற்றும்போது கையைத் தொய்ய விட்டாலும் சரியும். கதிரில் முதலில் ஒரு காகித உறிஞ்சுகுழாய்த் துண்டைச் செருகி அதன்மேல் சுற்றினால் கண்டை, அதாவது கதிரில் சேர்ந்த நூல் சுற்றை, அப்படியே உருவி எடுத்துவிடலாம்.

## சிட்டத்தை எடுத்ததும் கயிறாக முறுக்கிக்கொள்கிறது

சிட்டம் என்பது வளையமாகச் சுற்றி எடுத்த நூல் கட்டு. புது நூல் கொஞ்சம் முறுக்கிக்கொள்வது இயல்பு, கோளாறில்லை. சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வாஷிங் சோடாவும் சோப்பும் கொஞ்சம் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். பருத்தியின் மெழுகும் அழுக்கும் இறங்குகிறது. அலசி, ஈரத்தோடு கொடியில் மாட்டி, அடியில் லேசான பாரம் தொங்கவிட்டுக் காயவையுங்கள். காய்ந்த பிறகும் அடங்கவில்லை என்றால் முறுக்கு உண்மையிலேயே அதிகம். அந்த நூலைத் தூக்கிப் போடாமல், இரண்டு புரியாகச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். உபரி முறுக்கு அதில் கரைந்துவிடும்.

## நெசவாளர் இந்த நூல் ஆகாது என்கிறார்

அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதற்கு ஆகாது என்று கேளுங்கள். பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஆகாத நூல் ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூல்) ஆகலாம். பாவு நூல் தறியில் இழுபட்டு உரசிக்கொண்டே இருக்கும், கஞ்சி போட்டாலும் பலம் வேண்டும். ஊடைக்கு அவ்வளவு சோதனை இல்லை. ஆரம்ப நாள் நூலை ஊடைக்குக் கொடுப்பதுதான் சரி.

நம்பர் (நூல் எவ்வளவு மெலிது என்பதன் கணக்கு) ஏறி இறங்குகிறது என்று சொன்னால் வீட்டிலேயே சோதிக்கலாம். 840 கஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். அவ்வளவு நூற்கத் தேவையில்லை: ஒரு கிராம் நூல் சுமார் 17 மீட்டர் வந்தால் 10ஆம் நம்பர், 34 மீட்டர் வந்தால் 20ஆம் நம்பர். கிராமுக்குக் கீழேயும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். தொடக்கத்தில் நூற்றது, நடுவில் நூற்றது, கடைசியில் நூற்றது என்று மூன்று துண்டு எடுத்து ஒப்பிடுங்கள். கடைசித் துண்டு மட்டும் தடித்திருந்தால் அது களைப்பு. சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

## ராட்டையில் குறையில்லை, தோளும் கழுத்தும் பிடிக்கிறது

பெட்டி உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது இடது கையைத் தோளுக்கு மேலே தூக்குகிறீர்கள். பெட்டியை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கையை மேலே தூக்காமல், பக்கவாட்டில் பின்னோக்கி இழுங்கள். தரையில் சம்மணம் போட முடியாதவர்கள் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியை அதே உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். விரல் மரத்துப் போவது, ராத்திரி மணிக்கட்டு வலியில் விழிப்பது போன்றவை வந்தால் ராட்டையை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எண்ணெய் போட்டு நீவி ஒப்பேற்ற வேண்டாம்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

சக்கரத்தின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறது, சக்கர மரத்தில் வெடிப்பு இருக்கிறது, பெட்டி மூடவே மறுக்கிறது. இந்த மூன்றும் வீட்டு வேலை இல்லை. பக்கத்தில் இருக்கும் சர்வோதய சங்கத்தில் (கதர் நூற்பு, நெசவு நடத்தும் சங்கம்) விசாரித்தால் ராட்டை வேலை தெரிந்த ஆள் யார் என்று சொல்வார்கள்.

அம்பர் ராட்டை வைத்திருப்பவர்கள் முதலிலேயே அங்கே போய்விடலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் 1949இல் உருவாக்கியது அது, அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது. உள்ளே உருளைகள் பஞ்சுத் திரியை இழுக்கின்றன, பல கதிர்கள் ஒன்றாக ஓடுகின்றன. தூசி தட்டுவது, எண்ணெய் விடுவது, உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுப்பது வரை நம் வேலை. பல்சக்கரத்தைக் கழற்றுவது அவர்கள் வேலை.

ரிப்பேருக்குப் போகும்போது கதிரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெட்டியை முழுசாகக் கொண்டுபோங்கள். நீங்கள் நூற்கிற பட்டையில் நாலைந்தும், அறுந்த நூலில் கொஞ்சமும் கூடவே இருக்கட்டும். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.